வெள்ளைப் பகுதிக்குப் பயந்த விசாலம் மேடம்

செய்தி வந்தபோது நான் திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில் மகள் குடியிருக்கும் ஃபிளாட்டின் பால்கனியில் நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. கீழே நெடுஞ்சாலையைக் கடக்க முடியாமல் ஒருவர் குடையும் பையுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். அலுவலக நண்பர் போனில் சொன்னார்: "முருகேசா, நம்ம விசாலம் மேடம் போயிட்டாங்கப்பா. காலையில காப்பி குடிச்சிட்டு உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம்." முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். இனி யார் பயப்படுவார் என்ற பயம்.

அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் கடலை எப்படிப் பங்கு போடுவது என்று திட்டம் தீட்டும் அலுவலகம் எங்களுடையது. எந்த இடத்தைப் பாதுகாப்பது, எங்கே கப்பல்கள் போகலாம், எங்கே கம்பெனிக்காரர்கள் மணல் அள்ளலாம் என்று எல்லைகள் குறிக்க வேண்டும். விசாலம் என்கிற விசாலாட்சி மேடம் கடல் விஞ்ஞானி. நான் டிராஃப்ட்ஸ்மேன். அவர் சொல்வார், நான் வரைவேன். வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர், கடலைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர், ஆனால் கடற்கரைக்குப் போனால் அலை தொடாத தூரத்தில்தான் நிற்பார். நீச்சலும் தெரியாது. அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பயம் மேடம்'. அவருக்கே அது தெரியும். "நன்னா வெச்சிருக்கேள், பொருத்தமாத்தான் இருக்கு" என்று சிரிப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பெரிய வரைபடம் தயாரானது. பவளமும் பாறையும் உள்ள கரையோரப் பகுதி முழுவதும் பச்சை. அது பாதுகாப்புக்கு, அங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது. அதற்கு வெளியே கப்பல் பாதையும் மணல் அள்ளும் இடமும் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. யாரும் எழுதிக் கேட்காத இடத்தை வெள்ளையாக விடுவது எங்கள் வழக்கம். இயற்கை ஆர்வலர்களுக்குப் பச்சை கிடைத்துவிட்டது, கம்பெனிக்குச் சிவப்பு கிடைத்துவிட்டது. டைரக்டருக்கு வாயெல்லாம் பல். கூட்டம் முடிந்து வடை வந்துகொண்டிருந்தபோது மேடம் மட்டும் வரைபடத்தின் முன்னால் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"முருகேசன், இந்த வெள்ளையில யாரு இருக்கா?"

"யாரும் இல்லையே மேடம். அதனாலதானே வெள்ளை."

"பச்சையில இருக்கறவாளையெல்லாம் கிளப்பியாச்சு. அவா எங்க போவா? வீட்டுக்கா? இங்கதான் வந்து நிப்பா. பக்கத்துல சிவப்பு, கப்பல் போற வழியாக்கும்."

டைரக்டர் கையில் வடையோடு வந்து, "விசாலம், எல்லாரும் சம்மதிச்சாச்சு. இனி என்ன பிரஸ்னம்?" என்றார். "எனக்குப் பயமா இருக்கு சார், அதான் பிரச்னை" என்றார் மேடம். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மீனவர்கள் ஏன் அந்த இடத்தைக் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க மாட்டார்கள். கடலடியில் இருக்கும் பாறைத்திட்டைப் 'பார்' என்பார்கள். மீன் அங்கேதான் கூடும். கரையில் தெரியும் குன்றையும் கோயில் கோபுரத்தையும் பள்ளிவாசல் மினாரையும் மாதா கோயில் உச்சியையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அடுத்த வள்ளத்துக்காரனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள், அதிகாரியிடம் சொல்வார்களா? நாங்கள் விசாரிக்கப் போனபோது லாசர் அண்ணன் என்ற மீனவர் தந்த பதில் இன்றும் அலுவலகத்தில் பிரசித்தம். எங்கே மீன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டோம். "வெள்ளத்திலயாக்கும் சாரே" என்றார். வெள்ளம் என்றால் அவர்களுக்கு வெறும் தண்ணீர். நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து வெள்ளையாக விட்டுவிட்டோம்.

மேடம் கையெழுத்துப் போட மறுத்தார். ஒரு பகல் அந்த வெள்ளைப் பட்டையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்து போடுகிறேன் என்றார். தனியாக இல்லை, டைரக்டரும் வர வேண்டும். கடலைக் கண்டாலே நடுங்குகிறவர் இப்படிச் சொன்னதும் டைரக்டரால் மறுக்க முடியவில்லை. லாசர் அண்ணனின் ஃபைபர் வள்ளத்தில் கிளம்பினோம். கரையோரம் அலை உடையும் இடத்தைத் தாண்டும் முன்பே மேடம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி ஏதோ ஸ்லோகம் சொன்னார். பாதி ஸ்லோகத்தில் வாந்தி வந்தது.

நடுவில் ஓரிடத்தில் லாசர் அண்ணன் என்ஜினை நிறுத்தி நங்கூரக் கல்லை இறக்கினார். "இதாக்கும் உங்க வெள்ளை" என்றார். சுற்றிலும் தண்ணீர். கரை ஒரு கோடாகத் தெரிந்தது. காற்றே இல்லை. டைரக்டர் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, நல்ல இடம்தானே என்றார். அப்போது மேடம்தான் பார்த்தார்.

"அந்தக் கப்பல் நிக்கறதா, வரதா?"

நிற்பது போலத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பெரிதாகி இருந்தது. சிவப்பை விட்டு வெள்ளைக்குள் வந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லை. லாசர் அண்ணன் நங்கூரக் கயிற்றை இழுத்தார். கல் கீழே பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. மறுபடி இழுத்தார். வள்ளம் சாய்ந்ததே தவிர கல் வரவில்லை. கப்பலின் முகப்பு இப்போது ஒரு சுவராக நின்றது. அதன் துருவைப் பார்க்க முடிந்தது. டைரக்டர் எழுந்து நின்று கைக்குட்டையை ஆட்டினார். "இரிக்கணும் சாரே, கீழ இரிக்கணும்! கப்பல்காரன் இருக்கிற உசரத்துக்கு நம்ம வெறும் அழுக்கு. கண்ணுல காணாது!" என்று லாசர் அண்ணன் கத்தினார். "வெட்டுடா, கயித்தை வெட்டு" என்று டைரக்டர் அலறினார். லாசர் அண்ணன் கத்தியை எடுத்து வெட்டினார், என்ஜின் பிடித்துக்கொண்டது, நாங்கள் விலகினோம். கப்பல் கடந்து போன பிறகு அதன் அலை வந்து எங்களைத் தூக்கிப் போட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கரையேறிய பிறகு மேடம் டைரக்டரைப் பார்த்துக் கேட்டார். "நாம கயித்தை வெட்டினோம், தப்பிச்சோம். வலை போட்டுண்டு நிக்கறவன் எதை சார் வெட்டுவான்? வலையை விட்டா அவன் குடும்பமே போச்சே."

டைரக்டர் அன்று கையெழுத்துக் கேட்கவில்லை. வரைபடம் திரும்ப என் மேசைக்கு வந்தது. பச்சைக்குள் தூண்டில்காரர்கள் மட்டும் போகலாம் என்று மாற்றினோம். கப்பல் பாதையை வெளியே தள்ளச் சொன்னோம். கம்பெனி தரப்பில் எதிர்த்தார்கள். இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள், பச்சையில் ஓட்டை போடுகிறோம் என்று. இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் ஆனார் மேடம். பல கூட்டங்கள், பல வருடங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் எழுந்து முதலில் சொல்வது ஒன்றுதான்: "எனக்குப் பயமா இருக்கு. ஏன்னு சொல்றேன்." கடைசியில் மாற்றம் நடந்தது. நான் இனிப்பு வாங்கி வந்தேன். அவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "பயம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. அவ்வளவுதான்" என்றார். வரைவதற்கு உட்காரும் புதுப் பிள்ளைகளிடம், "பயமில்லாதவன் கையில பென்சிலைக் கொடுக்கப்படாது" என்பார்.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், ஒரு மழைக்கால முற்பகல். கடலில் மூட்டம். வள்ளங்கள் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டு, என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனார். பெண்கள் மழையில் கூட்டமாக நின்றிருந்தார்கள். மேடமும் போய் நடுவில் நின்றார். வள்ளங்கள் ஒவ்வொன்றாக மூட்டத்திலிருந்து வெளிவந்தன. லாசர் அண்ணனின் வள்ளம் மட்டும் வரவில்லை. அவர் மனைவி ரோஸி அழவில்லை, வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்துக்குப் பல் கிட்டியது.

"மேடம் எதுக்கு இப்படி நடுங்கணும்? உங்க ஆளு ஆரும் கடல்ல இல்லியல்லோ" என்றார் ரோஸி.

"எல்லாரும் நான் போட்ட கோட்டுக்குள்ளதாண்டி இருக்கா" என்றார் மேடம்.

மதியம் கழிந்து அந்த வள்ளம் வந்தது. என்ஜின் கெட்டுத் துடுப்புப் போட்டு வந்திருக்கிறார்கள். எல்லாரும் ஓடினார்கள். மேடமும் ஓடினார், இடுப்பளவு தண்ணீருக்குள். புடவை நனைந்து அலையில் விழுந்து, ரோஸிதான் தூக்கி நிறுத்தினார். கடலில் இறங்கியதே அவருக்குப் பிற்பாடுதான் உறைத்தது. உடனே அலறிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார்.

செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே வலியசாலையில் மேடத்தை எடுத்தார்கள். லாசர் அண்ணனும் ரோஸியும் வந்திருந்தார்கள். அக்ரகாரத் தெருவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் கோயில் மதிலோரமாக நின்றார்கள். மேடத்தின் தம்பி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். வெளியே வந்ததும் லாசர் அண்ணன் என்னிடம் சொன்னார்: "கரையில எங்களுக்காகப் பயப்பட ஒரு ஆளு உண்டாயிருந்துது. அந்தத் தைரியத்திலயாக்கும் நாங்க கடல்ல போனது."

மறுநாள் அலுவலகம் போனேன். இப்போது பென்சில் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். கூட்ட அறையில் புதிய திட்டத்தின் வரைபடம் திரையில் வந்திருந்தது. பச்சை விரிந்திருக்கிறது, சிவப்பும் விரிந்திருக்கிறது. நடுவில் இருந்த வெள்ளை நூலாக இளைத்திருந்தது. எங்கேயும் மோதல் இல்லை சார், எல்லாருக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று புது என்ஜினீயர் சந்தோஷமாகச் சொன்னார். நல்ல பிள்ளை. கூட்டத்தில் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை நான், என் வேலை வரைவது. மேடம் விட்டுப்போனதில் என்னிடம் என்ன இருக்கிறது என்று முந்தின நாள் அக்ரகாரத் தெருவிலிருந்து திரும்பியதிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நூலைப் பார்த்தபோது, துருப்பிடித்த சுவர் ஒன்று சத்தமில்லாமல் பெரிதாகிக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "ஏன்னு சொல்றேன்."