வேம்பை அறுத்த மெஷின்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெய்த ஒரு பெருமழையில், முக்கூடலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேம்பு வேரோடு சாய்ந்தது. என் கணவர் இறந்து இரண்டாவது வருடம் அது. நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். மறுநாள் வேலை முடிந்து வந்தால், கணவரின் அண்ணன் மரக்கடைக்காரரோடு கொல்லையில் நிற்கிறார்.

"மரம் உள்ள பூரா பொந்தும்மா. வெறகுக்குத்தான் ஆவும். இவரு வெட்டிக் கொண்டு போவட்டும்" என்றார்.

"யாரு மரத்த யாரு குடுக்கது அத்தான்?"

"பொம்பள, தனியா நீ என்ன செய்வ?"

"நானே அறுத்துக்கிடுதேன்."

கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் கூலிக்குக் கூப்பிட்ட ஆட்கள் மரக்கடைக்காரரைப் பகைக்கப் பயந்து ஒவ்வொருவராக நழுவியபோது, அது சபதமாகிவிட்டது.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடை. மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் கழித்துப் போட்ட மரம் அறுக்கும் மெஷின் அங்கே கிடந்தது. பெட்ரோலில் ஓடுவது, சைக்கிள் செயின் மாதிரி சங்கிலி, அதில் பற்கள். ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். உள்ளே காற்று அழுந்தி, கையை எதிர்த்தது. பிஸ்டன் கெடவில்லை.

"டீச்சர், அது ஓடாது" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"ஓட வைக்கத்தான் கொண்டு போறேன்."

கணவரின் மொபெட்டை அவருக்குப் பிறகு ஓட்டியதும் கழற்றித் துடைத்ததும் நான்தான். இதுவும் அதே ஜாதி எஞ்சின். அடுப்படித் தரையில் பேப்பரை விரித்துக் கழற்றினேன். புகைபோக்கியை அடைத்திருந்த கரியைச் சுரண்டினேன். பெட்ரோல் டியூப் தொட்டதுமே நொறுங்கியது. மொபெட் டியூபை வெட்டிப் போட்டேன். கயிற்றைச் சுருட்டும் ஸ்பிரிங் துள்ளி வந்து முழங்கையைக் கிழித்தது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

கார்புரேட்டருக்குள் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு அப்பளமாகக் காய்ந்திருந்தது. அது நெல்லையில் எங்கும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்த்த என் தம்பி தேடிப் பிடித்து அனுப்பினான். அது வரும்வரை உருட்டு அரத்தால் சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் தீட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவரின் பேண்ட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கயிற்றை இழுத்தேன். இருமியது, அணைந்தது. கார்புரேட்டர் திருகைக் கொஞ்சம் தளர்த்தி மீண்டும் இழுத்தேன். வெள்ளைப் புகையோடு அது அலறிய அலறலில் தென்னையிலிருந்த காக்கை எல்லாம் கிளம்பிவிட்டது.

அத்தான் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். "தாலியறுத்தவ பேண்ட் போட்டுக்கிட்டு நிக்கா! தெருவே பாக்குது, நிறுத்து!"

"காது கேக்கல அத்தான்!" என்று கத்தினேன். நன்றாகவே கேட்டது.

முதல் வெட்டிலேயே மரம் தன் கனத்தால் வாயை மூடி மெஷினைக் கவ்வியது. மதிலுக்கு அந்தப்பக்கம் யாரோ சிரித்தார்கள். ஆப்பு அடித்து விடுவித்து, இந்த முறை அடியிலிருந்து மேலாக அறுத்தேன். கை மரத்துப்போனது. வெயில் உச்சிக்கு வரும்போது அடித்துண்டு தனியே உருண்டது.

பொந்தும் இல்லை, பூச்சியும் இல்லை. செந்நிறத்தில், வைரம் பாய்ந்த மரம்.

சாயங்காலம் அத்தான் உள்ளே வந்து, அறுத்த முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "நல்ல மரமால்லா இருக்கு" என்றார்.

"ஆமா. என் மரம்."

அவர் தலை நிமிராமல் போனார். மிச்ச மரத்தையும் அறுத்து முடித்ததும், பலகை போட அம்பாசமுத்திரத்து மில்லுக்குத் துண்டுகளை மாட்டுவண்டியில் ஏற்றினேன். ஆற்றோரப் பாதைதான் கிட்டம். ஆனாலும் வண்டிக்காரரிடம், "கடைத்தெரு வழியாப் போங்க. அந்த மரக்கடை வாசல்ல மட்டும் பைய ஓட்டுங்க" என்றேன்.