தங்கை புருஷன் போட்ட பாலம்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், கால்வாயின் மேல் ஒரு பழைய செங்கல் பாலம் இருந்தது. யுத்தகாலத்து லாரிகள் ஓடி ஓடி அது தளர்ந்து போயிருந்தது. கொத்தனாரான என் கணவர்தான் வருஷா வருஷம் அதற்கு ஒட்டுப் போட்டு வந்தார். "உன் வூட்டுக்காரரு இல்லாங்காட்டி அது எப்பவோ உக்காந்திருக்கும்" என்று என்னோடு மீன்கூடை சுமக்கும் பெண்கள் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு.

ஓர் ஐப்பசி மழையில் நடு வளைவு சரிந்தது. மறுபடி கட்ட ஒரு வருஷமாவது ஆகும் என்றார் இவர். ஆனால் யாரும் செங்கல் கொண்டுவரவில்லை. யுத்தத்தில் மிஞ்சிய எஃகுச் சட்டங்கள் லாரிகளில் வந்து இறங்கின. அவற்றைப் பூட்ட மேஸ்திரியாக வந்தவர் என் தங்கையின் கணவர். பட்டாளத்தில், பர்மா பக்கம், இதே வேலை செய்தவர்.

சட்டத்தோடு சட்டத்தைச் சேர்த்து, துளையில் ஆணியை இறக்கிச் சம்மட்டியால் தட்டினார்கள். கரையிலேயே பூட்டி, உருளைகள் மேல் வைத்து எதிர்க்கரைக்குத் தள்ளினார்கள். ஒரு வாரத்துக்குள் லாரி ஓடியது.

"மெல்லிசாத்தான் கீது. ஆனா அந்த எஃகு வேற தினுசு அக்கா, வளையாது" என்றாள் தங்கை. அரிவாள்மனையைத் தவிர வேறு இரும்பு அறியாதவள். டோல்கேட் மீன் சந்தையில் கூடைக்காரிகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் அந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை. சுற்றிப் போய்ப் படகில் கால்வாயைக் கடந்தேன். மீன் வெயிலில் நொந்துபோய், பாதி விலைக்குப் போயிற்று.

என் கணவரோ தினமும் பாலத்தைப் பார்க்கப் போனார். "தொட்டுப் பாத்தேன். இன்னா சுத்தமான வேலை தெரியுமா?" என்று ஒரு சாயங்காலம் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் வேலைய அவரு புடுங்கிக்கினாரு. நீ இன்னாடான்னா தடவிக் குடுத்துட்டு வர்ற."

அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் ஒட்டு போட்ட பாலத்து மேல நீ கூடையோட போறப்பல்லாம், எங்க உக்காந்துடுமோன்னு நீ அக்கரை சேர்ற வரைக்கும் பாத்துக்கினே நிப்பேன். இப்பதான் நிம்மதியா கீது."

மறுநாள் காலையில் புதுப் பாலத்தில் ஏறினேன். பலகைகள் கடகடத்தன. முன்னால் கூடையோடு போன தங்கை திரும்பிப் பார்த்தாள். "பயமா கீதாக்கா? கைய புடிச்சிக்கோ."

"எனக்கு இன்னாடி பயம்" என்று அவளைத் தாண்டிப் போனேன். என் புருஷனுக்கு அந்த நிம்மதியைக் கொடுக்கவும் அவள் புருஷன்தான் வரவேண்டியிருந்ததே என்று நினைக்க நினைக்க, நடை இன்னும் வேகமாயிற்று.