சைக்கிளால் விழுந்த கதை

எங்கள் மாமாவுக்கு விமானத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. இதைச் சொல்வது வேறு யாருமல்ல, மாமாவேதான். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். கட்டார் விமான நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று எங்கள் ஊர் அக்கராயனில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "உங்களுக்குச் சொன்னால் விளங்காது" என்பார். பிளேன் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் மேலே கிளம்பின என்கிற மாதிரிக் கதை.

எனக்கு விமானிப் பயிற்சிக்குக் கொழும்பில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் வகுப்புக்குள் கால் வைக்க முடியாது. கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்து, பறக்கத் தகுதியான உடம்பு என்று அதற்கென்று உள்ள டொக்டர் எழுதித் தர வேண்டும். வகுப்புத் தொடங்குவதற்குள் அது வராவிட்டால் என் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அம்மாவுக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத எதற்கும் அம்மாவிடம் ஒரே மருந்துதான்.

"அண்ணையைக் கேப்பம்."

அண்ணை வந்தார். முதலில் சாப்பிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் குசினிக்குள்ளும் கழற்றவில்லை. மீன் முள்ளை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. கை கழுவிய பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு தொடங்கினார்.

"பிள்ளை, மெடிக்கல் எண்டது வேறை உலகம். என்ன கேட்டாலும் இல்லை எண்டு போடு. வருத்தம் இருக்கோ? இல்லை. காய்ச்சல் வந்ததோ? இல்லை. விளங்குதே?"

"நான் கண்ணாடி போடுறனான் மாமா. அதையும் இல்லை எண்டோ சொல்லுறது?"

"கழட்டிப்போட்டுப் போ."

கழற்றினால் எனக்கு டொக்டரையே தெரியாது. கதவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பேன். கண்ணாடி போட்டும் விமானம் ஓட்டலாம் என்று விதியிலேயே இருக்கிறது என்றேன். அதெல்லாம் ஏட்டில்தான் என்றார்.

அடுத்த கிழமை இன்னொரு உதவியோடு வந்தார். நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியுமா என்று சோதிப்பதற்கு, புள்ளிகளுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கும் படங்கள் காட்டுவார்கள். மாமா அந்தப் படங்களை எங்கேயோ பிடித்துப் போட்டோக் கொப்பி எடுத்து வந்திருந்தார். கறுப்பு வெள்ளையில். தாள் முழுக்கச் சாம்பல் புள்ளி.

"நிறம் எங்கை மாமா?"

"நிறம் அங்கை இருக்கும். நீ முதல்லை இதைப் பாடமாக்கு."

சிரிக்கவும் முடியவில்லை. அம்மா பக்கத்தில் பயபக்தியோடு நின்றார். மாமா போன பிறகு, அவர் சொன்னபடி வல்லாரைச் சாற்றை வேறு என் வாயில் ஊற்றினார். இந்தப் பம்மாத்துக்கு எதிராகவே நான் ஒரு முடிவு எடுத்தேன். ஒரு பொய்யும் சொல்வதில்லை.

கொழும்பில் டொக்டர் தந்த படிவத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். கண்ணாடியை எழுதினேன். சின்ன வயதில் வந்த மலேரியாவை எழுதினேன். நண்டு சாப்பிட்டால் உடம்பு சிவந்து கடிக்கும் என்பதைக்கூட விடவில்லை. காயம் ஏதும் உண்டா? இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தேன்.

எக்ஸ்ரே வந்ததும் டொக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வெள்ளையாக ஒன்று, வெட்டிப்போட்ட நகம் மாதிரி.

"இது என்ன?"

"அது பீஸ் டொக்டர். செல் வெடிச்சுச் சிதறின இரும்புத் துண்டு. கடைசிச் சண்டையிலை பட்டது. அப்ப நான் சின்னப்பிள்ளை."

"அப்படியானால் காயம் இல்லை என்று ஏன் எழுதினீர்கள்?"

சத்தியமாக எனக்கு நினைவிலேயே வரவில்லை. நண்டுக்கடி வந்தது, இது வரவில்லை. எங்கள் ஊரில் வருத்தம் என்றால் சீனி, பிரஷர். பீஸ் யாருக்குத்தான் இல்லை? வகுப்பில் என் வாங்கில் இருந்தவளுக்கும் இருந்தது, எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவருக்கும் இருந்தது. அதைப் போய்க் காயம் என்று யார் எழுதுவார்கள்? டொக்டர் என்னைப் பார்த்த பார்வை, நான் மாமாவைப் பார்க்கும் அதே பார்வை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. சத்திரசிகிச்சை நிபுணரின் அறிக்கை வரும்வரை சான்றிதழ் தர முடியாது என்று சொல்லிவிட்டார்.

செய்தி கேட்டு மாமா ஓடி வந்தார்.

"நான் சொன்னனான்தானே!"

"நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கு. இல்லை எண்டு போட்டுத்தான் பிடிபட்டு நிக்கிறன்."

"பரவாயில்லை. சைக்கிளால விழுந்தனான் எண்டு சொல்லு. அதுக்கு நான் சீல் குத்தி ஒரு கடிதம் எடுத்துத் தாறன்."

"எந்தச் சைக்கிளாலை விழுந்தால் முதுகுக்குள்ளை இரும்பு போகும்?"

"செயின் அறுந்து குத்தினது எண்டு சொல்லன்."

"மாமா சொல்லுறபடி செய் பிள்ளை" என்று அம்மா கெஞ்சினார். எனக்கு வந்த கடுப்பில் வாய் நிற்கவில்லை. "ஆளை விடுங்கோ மாமா! உங்கடை வாழ்க்கையிலை பிளேனுக்குக் கிட்டவாவது போயிருக்கிறியளோ?" என்று கத்தினேன். மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதலில் மருந்து கட்டியது எங்கே என்று சத்திரசிகிச்சை நிபுணர் அம்மாவைக் கேட்டார். "கடற்கரையிலை ஐயா, ஒரு தறப்பாளுக்குக் கீழை. கட்டினது ஆரெண்டு தெரியாது" என்றார் அம்மா. அதையும் நிபுணர் அப்படியே எழுதினார். துண்டு அசையவில்லை, நுரையீரலில் படவில்லை, கை முழுதாக வேலை செய்கிறது. கொழும்பு டொக்டர் அதை வாசித்தார், என் கையைச் சுழற்றிப் பார்த்தார், 'இல்லை' என்றதை வெட்டி 'உண்டு' என்று என்னையே எழுத வைத்தார். பிறகு கையெழுத்து வைத்தார். வகுப்புத் தொடங்க இன்னும் நாள் இருந்தது.

சான்றிதழோடு நேரே மாமா வீட்டுக்குத்தான் போனேன். முகத்தில் எறிகிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவர் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே வந்தார். நிபுணரின் அறிக்கையை வாங்கி மெதுவாக வாசித்தார்.

"பீஸ் எண்டு எழுதிக் கிடக்கே."

"ஓம்."

"எழுதியும் தந்தவங்களோ?"

"தந்தவங்கள்."

கதிரையில் இருந்தார். கை தானாக விலாவைத் தடவியது.

"கட்டாரிலை போய் இறங்கின கிழமையே மெடிக்கல். எனக்கும் படத்திலை பீஸ் தெரிஞ்சுபோச்சு. சைக்கிளால விழுந்தனான் எண்டு சொன்னனான். சிரிச்சுப்போட்டுத் திருப்பி ஏத்திவிட்டாங்கள். ஊருக்கு வர வெக்கம். கொழும்பிலை ஒரு கடையிலை ரெண்டு வருசம் நிண்டிட்டுத்தான் வந்தனான்."

இவ்வளவுதான் மாமாவின் விமான நிலையம். இறங்கிய வாசலும் ஏற்றிவிட்ட வாசலும். இந்தப் புழுகனையா அம்மா கும்பிட்டார், இவர் சொல்லியா நான் வல்லாரை குடித்தேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"அப்ப, நானும் எழுதியிருக்கலாமோ பிள்ளை?"