மூன்று ரவுண்டு

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பள்ளியில் பதினோரு வருடங்கள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அத்தனை வருடமும் நான் பிள்ளைகளை ஓடவைத்தது பெரும்பாலும் தண்டனைக்குத்தான். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் இரண்டு ரவுண்டு, பிரேயருக்குப் பிந்தினால் மூன்று. மற்ற ஆசிரியர்களும் தங்களுக்கு அடங்காததுகளை என்னிடம்தான் அனுப்பிவைப்பார்கள். விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டால் தாராளமாகத் தூக்கிக் கொடுத்துவிடுவேன். பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லை என்று புலம்புவேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. வாரத்தில் நாலு நாள் பிந்தித்தான் வருவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. மைதானத்தைக் கைகாட்டுவேன், அவளும் வேப்பமரத்தடியில் பையை வைத்துவிட்டு ஓடத் தொடங்குவாள்.

ஒருநாள் கவனித்தேன். வெறுங்காலோடு மூன்று ரவுண்டு முடித்தும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. மறுநாளும் பிந்தி வந்தாள். செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியில் முதலாவதாக வருகிற பிள்ளைகளுக்கு அவள் சளைத்தவள் இல்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மீசையை முறுக்காத குறைதான். அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, குறுவட்டப் போட்டியில எண்ணூறு மீட்டர் ஓட ஒன் பேரைக் குடுத்திருக்கேன்" என்றேன்.

அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"இனிமே வெள்ளனா வந்துருதேன் சார். அம்மா ஏழு மணிக்கே பட்டாசுக் கம்பெனி வேன்ல போயிருது. தங்கச்சிய பால்வாடில விட்டுட்டுத்தான் வரணும். அங்கன டீச்சர் ஒம்பது மணிக்குத்தான் வாராக. வேத்தூருப் பிள்ளைக முன்னாடி ஓட விட்டுராதீக சார்."

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இது தண்டனை இல்லை, போட்டி என்றேன். ஜெயித்தால் மாவட்டத்துக்குப் போகலாம் என்றேன். ஷூ வாங்கித் தருவதாகக்கூடச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். பிறகு பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"வரலைன்னா எத்தனை ரவுண்டு சார்?"

"ஒண்ணும் இல்லம்மா, வகுப்புக்குப் போ" என்றேன். பட்டியலில் அவள் பெயரை நானே அடித்தேன். அந்த வருடம் எண்ணூறு மீட்டருக்கு எங்கள் பள்ளியிலிருந்து யாரும் போகவில்லை.