மஜீத் காக்காவின் ஜீப்புக்கு மூன்று தட்டு

டிங்கர் வேலை என்பது வாகனக்காரன் பார்க்காத இடத்தைப் பார்க்கிற வேலை. கதவில் ஒரு நெளிவு விழுந்தால் அடுத்த நாளே வந்து நிற்பார்கள். பின்பெட்டியின் அடித்தட்டு உக்கி வீதி தெரிந்தாலும் "காத்து வரட்டும் பாஸ்" என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். வீட்டு வளவில் ஒரு பழைய வாகனத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, அதைப் பூட்டி முடிக்கும்வரை வீட்டாரின் முகத்தைப் பார்க்காமல் திரிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

வளவு மனைவியுடையது

கிழக்கிலங்கையில் எங்கள் கல்முனைக்குடியில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். கலியாணம் முடித்த ஆண் ஒரு பெட்டியோடு போய்ச் சேர வேண்டியதுதான். நானும் அப்படிப் போனவன். என் பட்டறை கடற்கரை வீதியில் இருந்தது. சுனாமியில் கடல் வந்த அன்று பட்டறை போய்விட்டது. வெல்டிங் பெட்டி மட்டும் இரண்டு வளவு தள்ளி ஒரு தென்னையடியில் கிடந்தது. அதைக் கழற்றி, வெயிலில் காயவைத்து, என் மனைவி நஸீமாவின் வளவில் தொழிலைத் தொடங்கினேன். அந்த வீட்டுக்கும் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்ததுதான். சுவர் நின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒன்பது மாதம் கழித்து, ஊருக்கே அண்ணன் முறையான மஜீத் காக்கா தன் ஜீப்பைக் கொண்டுவந்தார். முன்னுக்கு மூன்று பேர் இருக்கலாம், பின்னுக்குத் திறந்த பெட்டி, நாலு சில்லும் இழுக்கும். மாரியில் ட்ரக்டர் புதைகிற வயல் வட்டைக்குள்ளும் அது போய் வரும். பசளையும் நெல்லும் ஏற்றித்தான் காக்கா சீவித்தார். பெட்டியின் அடித்தட்டில் இப்போது கை நுழைகிற ஓட்டைகள். கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவில் ஜீப்பை நிறுத்தி, தட்டைக் கழற்றி மதிலில் சாத்தி, போல்ட்டுகளை நஸீமாவின் பேசினில் போட்டேன். பதினைந்து நாள் வேலை என்றேன். அவள் பேசினைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வூடு என்ட, வளவு என்ட, பேசினும் என்ட. பதினாறாம் நாள் ஜீப் போகக்குள்ள நீங்களும் அதுல ஏறிப் போகலாம்."

கூட்டி அள்ளிய மண்

கடல் வந்த அன்று காலையில் காக்கா பசளையோடு வட்டைக்குப் போயிருந்தார். அதனால் ஜீப் தப்பியது. அவருடைய மனைவி தப்பவில்லை. திரும்பி வந்தவர் மூன்று நாள் அந்த ஜீப்பில் இறந்தவர்களின் மையத்து ஏற்றினார். முஸ்லிம், தமிழ் என்று பார்க்கவில்லை. ஆசுபத்திரிக்கும் அடக்குகிற மையவாடிக்குமாக ஓடினார். இரண்டாம் நாள் அவருடைய மனைவியும் அதில்தான் போனாள். இதெல்லாம் ஊருக்கே தெரியும்.

ஊருக்குத் தெரியாத ஒன்றை என்னிடம் சொன்னார். தட்டுக்கும் அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்துக்கும் இடையில், மையத்துகளோடு வந்த கடல் மண் இறுகிப்போயிருந்தது. உளியால் கிண்டிக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணாடி வளையல் துண்டு வந்தது. காக்கா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். முதல் நாள் பின்னேரம் ஜீப் நிறைந்துவிட்டதாம். வேலியோரம் ஒரு பெண்ணின் மையத்து கிடந்ததாம். மற்றவர்களுக்கு மேலே தூக்கிப் போட மனம் வராமல், "இந்தா வாறன்" என்று அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டுப் போனாராம். திரும்பி வந்தபோது அங்கே யாரும் இல்லை. யார் எடுத்தார்கள், எங்கே அடக்கினார்கள், ஒன்றும் தெரியவில்லை. மையத்திடம் சொன்ன வாக்கும் வாக்குத்தானே என்று என்னைக் கேட்டார். நான் உளியைக் கீழே வைத்தேன்.

"மண்ணயும் விடாமக் கூட்டி அள்ளித் தாங்க தம்பி, மையவாடியில கொண்டு போய்ப் போடுவம். யார் யார்ட மண்ணோ."

நுரைக்காத சவக்காரம்

கடல் தண்ணீர் பட்ட இரும்பை நல்ல தண்ணீரால் கழுவாமல் மூடக் கூடாது. இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி, அலிஃப், பே. எனக்கா தெரியாது? ஐந்து நாள், காலையும் மாலையும், கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினேன். குறுக்குச் சட்டங்களின் பொந்துக்குள்ளும் குழாய் விட்டுக் கழுவினேன். பிறகு காயவைத்து, பெயின்ட் அடித்து, கீழே பலகை, மேலே புதுத் தகடு, சுற்றிவர இடைவெளி விடாத வெல்டிங். ஒரு காகிதம் நுழையாது. என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த நேரம் எங்கள் வீதியில் ஒருவரும் கிணற்றுத் தண்ணீர் குடிக்கவில்லை. தண்ணீர் பவுசர் வரும், வாளியோடு ஓடுவோம். கடல் உள்ளே போன கிணறுகள். எத்தனை தரம் இறைத்தும் உப்புப் போகவில்லை. குடிக்கக் கூடாது என்று நாக்குக்குத் தெரிந்திருந்தது. கழுவக் கூடாது என்பது என் மண்டையில் ஏறவில்லை. உடுப்புக் கல்லடியில் நின்ற நஸீமா, சவக்காரம் போட்டால் நுரைக்குதில்லை, இந்தத் தண்ணியையா ஊத்துறீங்க என்று கேட்டாள். ஜீப் என்ன தண்ணி குடிக்கவா போகுது என்று பகிடி விட்டேன்.

"ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஊத்துங்க, ஊத்துங்க."

முதல் மூடை

ஜீப் போனது, ஆனால் அதில் சுமை ஏற்ற ஆட்கள் வரவில்லை. மையத்து ஏற்றிய பெட்டியில் விதை நெல் ஏற்றத் தயங்கினார்கள். வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். ட்ரக்டர் பேசிவிட்டோம் என்பார்கள், மச்சான்ட வண்டி வருகிறது என்பார்கள். காக்காவுக்கு மிச்சம் இருந்தது மகள் சிபானா மட்டும்தான். வீடிழந்தவர்களின் முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார்கள். ஜீப் ஓடாத நாளில் அங்கே அடுப்பு எரியாது.

ஒரு காலையில் நான் ஜீப்படியில் நிற்கும்போது நற்பிட்டிமுனைக் கணபதி அண்ணன் வந்தார். நாலு ஏக்கர் வயல்காரர். புதுத் தட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, தன் விதை நெல் இதில்தான் போகவேண்டும் என்றார். நான் சும்மா இருக்காமல், அண்ணன், ஊரில கதைக்கிறது தெரியும்தானே என்று கேட்டுவிட்டேன்.

"என்ட தங்கச்சியயும் மஜீத் காக்காதான் தூக்கி இதுல ஏத்தின. அவர் கூசல்ல, நான் என்னத்துக்குக் கூசுற?"

அதிகமாய் மூடிய தட்டு

அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். அடுத்த வருசம் நாட்டில் சண்டையும் திரும்பி வந்தது. வட்டைக்குப் போகிற வீதியில் செக்பொயின்ட். பசளையோடு போன காக்காவின் ஜீப்பை ஒரு ஆமிக்காரப் பொடியன் மறித்து, கம்பியால் தட்டிப் பார்த்திருக்கிறான். மேலே தகடு, கீழே பலகை, சுற்றிவரக் காகிதம் நுழையாத வெல்டிங். நடுவில் என்ன ஒளித்திருக்கிறது என்று அவனுக்குச் சந்தேகம். அவனுடைய இடத்தில் நான் நின்றிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன்.

எல்லா மூடையையும் இறக்கச் சொன்னார்கள். அந்த வெயிலில் காக்கா ஒற்றை ஆளாய் இறக்கினார். உளியால் தட்டை மூலையிலிருந்து வெட்டிப் பார்த்தார்கள். பலகைதான் இருந்தது. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு விட்டார்கள். வாய் பிளந்த தட்டோடு காக்கா நேரே என்னிடம் வந்தார். எனக்குப் பொல்லாத கோபம், ஆமிக்காரனைக் கண்டபடி ஏசினேன். காக்கா ஏசவில்லை. அந்தப் பொடியன் அரைகுறைத் தமிழில் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினார்.

"ஐயா, வாகனம் பழசு, வேல புதுசு. இவ்வளவு நல்லா மூடினா நாங்க பயம் தானே?"

நாக்கில் வைத்த கறள்

இனி வெல்டிங் வேண்டாம், ஒரே ஸ்பானரால் கழற்றிக் காட்டக் கூடிய மாதிரி போல்ட் போட்டுத் தட்டைப் பூட்டுவோம் என்று முடிவு செய்தோம். அதற்காக முழுத் தகட்டையும் தூக்கினேன். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். குறுக்குச் சட்டங்கள் கறள் பிடித்துப் பொருமி, விரல் படப் படத் தோல் தோலாகக் கழன்றன. ஒரே வருசத்தில்! பொந்துக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கிணறு ஞாபகம் வந்தது.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காக்கா கதைத்துவிட்டார். "இது இரும்புட குத்தமில்ல தம்பி. நான் விட்டுட்டுப் போனேனே, அந்த மனுசிட ஹக்கு" என்றார். ஹக்கு என்றால் ஒருவருக்குச் சேரவேண்டிய உரிமை. அதைக் கொடுக்காமல் விட்டால் உரியவர்தான் மன்னிக்க வேண்டும் என்று எங்களுக்குக் குர்ஆன் ஓதப்போகிற வயதிலேயே சொல்லித் தருவார்கள். உரியவள் எங்கே இருக்கிறாள் என்று காக்காவுக்குத் தெரியாது. அவருடைய முகத்தைப் பார்த்த பிறகாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சட்டங்களை முழுதாக மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினால் ஏன் என்று கேள்வி வரும் என்று, சுரண்டிப் பெயின்ட் அடித்து, மேலால் பட்டைத் தகடு வைத்து மறைத்து, தட்டைப் போல்ட் போட்டுப் பூட்டினேன். காக்கா ஜீப்பை எடுத்துக்கொண்டு போனதும் நஸீமா கிட்ட வந்தாள்.

"காக்காக்கிட்டச் சொல்லுங்க. சொல்லாட்டி அவர் நித்திர முழிக்கிற பாவம் ஒங்களுக்குத்தான்."

பழைய இரும்புக்காரன்

நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். மூன்று வருசம் போனது. காக்கா திங்களும் வியாழனும் நோன்பு பிடித்தார். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காகக் குர்ஆன் முழுதும் கத்தம் ஓதினார். பள்ளிவாசலடியில் அவரைக் கண்டால் நான் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொள்வேன். வெட்கக்கேடு, வேறென்ன.

சண்டை முடிந்தது. செக்பொயின்ட்டுகள் ஒவ்வொன்றாக எடுபட்டன. அந்த வெள்ளாமை வெட்டில், நெல்லோடு வந்த ஜீப்பின் தட்டு நடுவீதியில் அமிழ்ந்தது. குறுக்குச் சட்டங்களில் இரண்டு முறிந்துவிட்டன. நஸீமாவின் வளவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தோம். காக்கா கூடவே பழைய இரும்பு வாங்குகிறவரையும் கூட்டி வந்தார். ஜீப்பைக் கொடுத்து, வருகிறதை அந்தப் பெண்ணின் பேரில் சதகா தர்மமாகக் கொடுத்துவிட்டுத் தான் கூலிக்குப் போகப்போவதாகச் சொன்னார். அப்போது சிபானாவுக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது, கட்டுகிற வீடு பாதியில் நின்றது. வீடில்லாமல் எங்கள் ஊரில் பெண்ணுக்குக் கலியாணம் ஏது? ஜீப் போனால் வீடும் போகும், மாப்பிள்ளையும் போவான்.

இரும்புக்காரர் சில்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "காக்கா, நில்லுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, உப்பு, பொந்துக்குள் விட்ட குழாய், நாக்கில் வைத்துப் பார்த்தது, பட்டை வைத்து மறைத்தது. அவர் நம்பவில்லை. தன்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். எழும்பிப் போய் அந்தக் கிணற்றில் அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். இத்தனை மாரி பெய்து கிணறு எப்போதோ நல்ல தண்ணீராகிவிட்டது. நஸீமாதான் குசினி வாசலுக்கு வந்தாள். "ஓம் காக்கா, அது மெய். அந்த நேரம் சவக்காரமும் நுரைக்கல்ல. நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்திட்டன்" என்றாள்.

காக்கா கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். "அப்ப அது உப்பா தம்பி? வெறும் கிணத்து உப்பா?" என்று கேட்டார். ஓம் என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் ஓம் என்றேன். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதார். இரும்புக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். துண்டை எடுத்தபோதுதான் காக்காவுக்குக் கோபம் வந்தது. அதுவரை என்னை அவர் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை.

"மூணு வருசமா எனக்கு நித்திர இல்ல. நீ எப்படிடா படுத்த?"

ஆறு கலன் தண்ணீர்

ஒரு கிழமை அவர் வரவில்லை. நான் அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கினேன். உக்கிய சட்டங்கள் அத்தனையையும் வெட்டி எறிந்து, புதுச் சட்டம் வைத்தேன். மூடி மறைக்கிற பட்டை ஒன்றுகூட இல்லை; குனிந்து பார்க்கிற யாருக்கும் ஒவ்வொரு ஒட்டும் தெரியும். எட்டாம் நாள் காக்கா வந்தார். ஜீப்புக்கு அடியில் படுத்து எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். எழும்பும்போது, அந்தப் பெண்ணுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறதை விடவில்லை, பயந்து பயந்து கேட்கிறதைத்தான் விட்டுவிட்டேன் என்றார். அதற்கப்புறம் கல்லும் மண்ணும் ஏற்றி சிபானாவின் வீட்டை முடித்தது அந்த மூன்றாவது தட்டுத்தான்.

அந்தத் தட்டைப் பூட்டுமுன் கழுவுகிற நாள் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். காக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். வாசலில் ஒரு த்ரீவீல் ஆட்டோ நின்றது. அதற்குள்ளிருந்து ஆறு பிளாஸ்டிக் கலன் தண்ணீரை அவரே ஒவ்வொன்றாக இறக்கினார். காக்கா, இப்ப எங்கட கிணறு நல்ல தண்ணிதானே, நீங்களே குடிச்சுப் பார்த்தீங்களே என்று நஸீமா சிரித்தாள்.

"தம்பிய மன்னிச்சிட்டன் தங்கச்சி. ஆனா தண்ணிய நான்தான் கொண்டு வருவன்."

ஒரு தட்டு மாற்ற எனக்குப் பதினைந்து நாள் போதும். "பிழை என்னுடையது" என்று சொல்லத்தான் மூன்று வருசம் எடுத்தது.