வாயாடிக்குக் கிடைத்த வாக்கிடாக்கி

வேலையிடத்தில் அவளுக்கு வைத்த பெயர் மைக். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். “உன் வாய்க்குச் சம்பளம் தர்ற வேலை ஒண்ணு இருந்தா நாம எப்பவோ மாடி வீடு கட்டியிருக்கலாம்” என்பாள் மாமியார். அந்த அம்மாளின் வாய் முகூர்த்தம், அப்படியொரு வேலை நிஜமாகவே வந்துவிட்டது!

உயரக் கட்டடம் எழும்பும் இடம் அது. கிரேன் தூக்கும் பாரங்களுக்குச் சங்கிலி மாட்டுவது அவள் வேலை. குனிந்து குனிந்து முட்டி இரண்டும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இந்த நேரம் பார்த்துக் கிரேனுக்கு வழி சொல்லும் ஆள் வேலையை விட்டுப் போனார். மேலே கூண்டில் இருக்கும் டிரைவருக்குக் கீழே நடப்பது தெரியாது. வாக்கிடாக்கியில் ஒருவர் சொல்லச் சொல்லத்தான் பாரம் நகரும். குரல் நின்றால் கிரேனும் நிற்கும். அங்கே அதுதான் சட்டம். டிரைவர் வேறு மொழிக்காரர். அவரோடு பேச இங்கிலீஷ் வேண்டும்.

அதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று இறங்கினாள். வெறும் ‘கம்’ போதாதாம். ‘டவுன்’ சேர்ந்தால் கீழே; பின்னாலேயே ‘ஸ்லோலி’ ஒட்டினால் மெதுவாக; ‘ஜென்ட்லி’ என்றால் பூப்போல. ஒரு சொல் இன்னொரு சொல்லைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதைப் பார்க்க அவளுக்கு ஒரே குஷி. வீட்டிலும் அதே பாட்டுதான். டிப்போவில் பஸ் கழுவும் கணவன் பரணிலிருந்து இறங்கினால் ‘கம் டவுன் ஸ்லோலி’. மாமியார் நாற்காலியை விட்டு எழுந்தால் ‘கெட் அப் கேர்ஃபுல்லி’. எழுந்திருக்கவும் உத்தரவு வேண்டுமா என்று மாமியார் சிடுசிடுத்தாள். ஆனால் மறுநாளே அடுப்படிக்கு வந்த பூனையை ‘கோ அவுட் குயிக்லி’ என்று விரட்டியவள் யார்? அவளேதான்!

இன்ஜினியர் ஒரே ஒரு பாரம் கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். மேல்தளக் கூடத்துக்கான பெரிய கண்ணாடி. ஒழுங்காக இறக்கினால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் திரும்பவும் சங்கிலிதான்.

முதலில் ஜோராகத்தான் போனது. ‘கம் டவுன் ஸ்லோலி, ஸ்லோலி’ என்று அவள் சொல்லச் சொல்லக் கண்ணாடி சொன்னபடி கேட்டது. அடடா, இந்த வாய்க்கு இவ்வளவு மரியாதையா! அப்போது குபீரென்று காற்று கிளம்பியது. கண்ணாடி திரும்பி, கீழே அதை வாங்க நின்ற இருவரின் பக்கம் சாய்ந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. ‘ஸ்டாப்’ என்ற ஒன்றைத் தவிர, படித்த சொல்லெல்லாம் நாக்கு நுனியில் முட்டி மோதின. தப்பாக ஒன்று வெளியே வந்தால் இரண்டு உயிர் போகும். பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கண்ணாடி அந்தரத்தில் நின்றது. கீழே இருந்தவர்கள் அதில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து அடக்கினார்கள். காற்று தணிந்ததும் மறுபடி ‘ஜென்ட்லி’ என்று ஆரம்பித்து இறக்கிவைத்தாள்.

“நடுவுல வாயடைச்சுப் போனா எப்படிம்மா? இது சரிப்படாது” என்று இன்ஜினியர் வாக்கிடாக்கியைக் கேட்டுக் கை நீட்டினார். அதற்குள் அது கரகரத்தது. மேலிருந்து டிரைவர். காற்றைத் தானும் உணர்ந்ததாகவும், பழைய ஆள் பதறினால் வாய்க்கு வந்ததைக் கத்துவார், அதைக் கேட்டுக் கிரேன் எங்கெங்கோ ஓடியிருக்கிறது என்றும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். பிறகு அவளிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

“யூ ஸ்டாப்டு பியூட்டிஃபுல்லி.”

அழகாக நிறுத்தினாயாம்! ‘ஸ்டாப்’ என்ற சொல்லுக்கு இப்படியொரு ஜோடி இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இன்ஜினியர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

வீட்டு வாசலிலேயே மாமியார் காத்திருந்தாள். என்ன பேசி வேலையை வாங்கினாய் என்று கேட்டாள்.

“வாயை மூடினேன் அத்தை, குடுத்துட்டாங்க.”