மணி அடிக்காத மத்தியானம்

போன ஆடி அமாவாசையன்று நடந்தது. திண்டிவனத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊழியர்களில் பாதிப் பேர் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஐ.சி.யூ.வுக்கு ஒரே ஒரு நர்ஸ்தான்.

மத்தியானம் கரண்ட் போனது. யு.பி.எஸ்.ஸும் காலை வாரிவிட, சர்வர் பொட்டென்று அணைந்தது. கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாக எழுப்பினேன். நோயாளிக்கு நாடித்துடிப்பு தவறினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும் புரோகிராம் ஒன்று உண்டு. அதைக் கிளப்பியபோது, 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்றது திரை. எங்கள் தொழிலில் இதைவிட இனிப்பான பதில் கிடையாது. அப்பாடா என்று நர்ஸ் மேசைக்குப் பக்கத்திலேயே சாய்ந்து உட்கார்ந்தேன்.

கட்டடமே அரவமில்லாமல் கிடந்தது. மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் நானும் நர்ஸும் நினைத்தோம்.

ஐ.சி.யூ.வின் கண்ணாடிக் கதவு திறந்தது. உள்ளே கணவருக்குத் துணையாக இருந்த ஓர் அம்மா நின்றார். "ஏம்மா, அவரு மிஷின்ல செவப்பு லைட்டு மின்னிக்கினே இருக்கு. நீங்க பாட்டுக்கு உக்காந்துகினு இருக்கீங்களே?"

நர்ஸ் ஓடினாள். டாக்டரும் ஓடினார். நான் மறுபடி கிளப்பிப் பார்த்தேன். அதே பதில். அப்படியானால் ஓடுவது யார்?

சர்வரில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் எண் உண்டு. மணி அடிக்கும் புரோகிராம் எழுந்ததும் தன் எண்ணை ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைக்கும், நிற்கும்போது அழித்துவிடும். கரண்ட் போனதில் அழிக்க நேரமில்லை. சர்வர் எழுந்தபோது அதே எண் பிரிண்டர் புரோகிராமுக்குப் போய்விட்டது. கிளப்பும்போது பார்ப்பது அவ்வளவுதான்: கோப்பில் எண் இருக்கிறது, அந்த எண்ணுக்கு உயிரும் இருக்கிறது. செத்தவன் பெயரில் வேறொருவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

பழைய கோப்பை அழித்துவிட்டுக் கிளப்பினேன். மணி அலறியது. அந்தச் சத்தம் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மனிதர் பிழைத்துக்கொண்டார். வியர்வையோடு வெளியே வந்த நர்ஸ் கேட்டாள்: "அப்ப இவ்ளோ நேரம் அவர யாருங்க பாத்துக்கினு இருந்தா?"

"அவங்க வீட்டம்மா மட்டும்தாங்க" என்றேன்.

இப்போது எண்ணோடு புரோகிராமின் பெயரையும் சரிபார்த்துத்தான் எதையும் ஓடவிடுகிறேன். இருந்தாலும் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் திரையை விட்டு எழுந்துபோய், ஒவ்வொரு கட்டிலிலும் நெஞ்சு ஏறி இறங்குவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.